வெறும் இரண்டு புள்ளிதானே?

ரொம்ப நாளா மனசுக்குள்ள ஓடிக்கிட்டு இருந்த ஒரு சின்ன விஷயம். சின்னதுன்னா நிஜமாவே சின்னது, இரண்டு புள்ளி அளவு. ஆனா பதிவு அவ்வளவு சின்னது இல்லை, காபியோ டீயோ எடுத்து வச்சுக்கிட்டு உக்காருங்க.

ஜெர்மனியில பொட்டி தட்டுற நம்ம ஜனங்களும் சரி, சென்னையிலயோ பெங்களூருலயோ இருந்துக்கிட்டு ஜெர்மன் கஸ்டமருக்குப் பொட்டி தட்டுற ஜனங்களும் சரி, மெயில்ல ஜெர்மன் வார்த்தை ஒண்ணோ ஜெர்மன்காரர் பேரோ எழுத வேண்டி வந்தா என்ன பண்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? எழுத்து மேல இருக்கிற புள்ளியைத் தூக்கிக் கடாசிட்டு மொட்டையா எழுதி அனுப்பிடறாங்க. ஏன்னு கேட்டா ஒரே பதில்தான். "வெறும் இரண்டு புள்ளிதானே பாஸ், நம்ம கீபோர்டுல இல்லை, என்ன பண்றது?"

இந்தப் பதிவு அந்த "தானே"வுக்கு எதிரானது.

முதல்ல, ஜெர்மன் பக்கமே போகாதவங்களுக்காக ஒரு அறிமுகம். ஆங்கிலத்துல இருக்கிற 26 எழுத்தோட ஜெர்மன்ல இன்னும் நாலு உண்டு. ஏ, ஓ, யூ இந்த மூணுக்கும் தலையில இரண்டு புள்ளி வச்சா மூணு எழுத்து. இதுங்களுக்கு உம்லவுட்னு பேரு. நாலாவது எஸ்ட்செட். பார்க்க ஆங்கிலப் பெரிய 'பி'க்கு வால் முளைச்ச மாதிரி இருக்கும். ஆனா பி இல்லை, அழுத்தமான 'ஸ்'.

புள்ளி வச்சா சத்தமே வேற. நீங்க 'ஈ'ன்னு சொல்லிக்கிட்டே உதட்டை மட்டும் 'ஊ' சொல்ற மாதிரி குவிங்க. வர்றது யூ உம்லவுட். 'ஏ'ன்னு சொல்லிக்கிட்டே உதட்டை 'ஓ' மாதிரி குவிங்க. அது ஓ உம்லவுட். பக்கத்து சீட்டுல யாராவது இருந்தா கொஞ்சம் பார்த்து முயற்சி பண்ணுங்க :-)

புள்ளியோட அருமையைத் தமிழனுக்கு இன்னொருத்தன் வந்து சொல்லணுமா? தொல்காப்பியமே மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டுன்னு இலக்கணம் வகுத்து வச்சிருக்கு. 'பல் வலி'ன்னு லீவு கேட்டு எழுதுறீங்க, புள்ளி விழலைன்னா அது 'பல வலி'. மேனேஜர் இரண்டு நாள் கூடவே கொடுத்தாலும் கொடுப்பார். 'மண் வாசனை' புள்ளி போனா 'மண வாசனை'. நமக்கு அது தூசு இல்லை, எழுத்து. ஜெர்மன்காரனுக்கும் அப்படித்தான்.

சரி, புள்ளி விட்டா அங்க என்ன ஆகுது?

'ஷோன்'னா ஏற்கெனவே. அதுல ஓ மேல புள்ளி வச்சா அழகு. 'ட்ஸாலன்'னா பணம் கட்டுறது, ஏ மேல புள்ளி வச்சா எண்ணுறது. 'ட்ருக்கன்'னா அச்சடிக்கிறது, யூ மேல புள்ளி வச்சா அமுக்குறது. 'முட்டர்'னா ஒரு அம்மா, புள்ளி வச்சா பல அம்மாக்கள். அண்ணன் தம்பியும் அப்படியே, அப்பாவும் அப்படியே. நாம 'கள்' சேர்த்துப் பன்மை ஆக்குற இடத்துல இந்த உறவுப் பேருக்கெல்லாம் அவங்க வெறும் புள்ளி வச்சு வேலையை முடிச்சிடறாங்க.

இதெல்லாம் பாடப்புத்தக உதாரணம், படிக்கிறவங்க இடம் பார்த்துப் புரிஞ்சுக்குவாங்கன்னு சொல்லலாம். ஒத்துக்கறேன். ஆனா ஆபீஸ்ல தினமும் மாட்டுறது வேற ஒண்ணு.

ஜெர்மன்ல மரியாதையா ஒரு வேலை கேக்கணும்னா "க்யொன்ட்டன் ஸீ"ன்னு ஆரம்பிப்பாங்க, ஓ மேல புள்ளியோட. "உங்களால முடியுமா, கொஞ்சம் செஞ்சு தர்றீங்களா"ங்கிற பணிவான தொனி. அந்தப் புள்ளியை எடுத்துட்டா அது "கொன்ட்டன் ஸீ". "உங்களால முடிஞ்சுதா?"ன்னு இறந்தகாலக் கேள்வி. இப்ப இரண்டு மெயிலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒண்ணு: "வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த டெஸ்ட்டை முடிச்சுத் தர முடியுமா?" இன்னொண்ணு: "வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த டெஸ்ட்டை உங்களால முடிக்க முடிஞ்சுதா?" முதலாவது வேண்டுகோள், இரண்டாவது விசாரணை. மெயில் போன நாள் செவ்வாய்க்கிழமைன்னா வாங்கினவருக்கு முதல்ல ஒண்ணும் புரியாது. திங்கள்கிழமைன்னா கோபமே வரும், "நேத்தே கேட்டிருந்தா செஞ்சிருப்பேனே"ன்னு.

இது ஒரு வார்த்தையோட போகலை. 'இருந்திருந்தா', 'செய்வேன்'ங்கிற மாதிரி கற்பனை, பணிவு, விருப்பம் எல்லாத்தையும் சொல்ற வினைகள்ல முக்கியமானதுங்க இந்தப் புள்ளியைத்தான் நம்பி இருக்கு. 'ஹாட்ட'ன்னா வச்சிருந்தேன். புள்ளியோட 'ஹெட்ட'ன்னா வச்சிருந்திருப்பேன். 'வுர்ட'ன்னா ஆச்சு. புள்ளியோடன்னா ஆகும், செய்வேன், ஆசைப்படறேன்ங்கிற பக்கம் போயிடும். ஜெர்மன்ல மரியாதையே பாதி இந்த இரண்டு புள்ளியிலதான் உக்காந்திருக்கு. அதைத் தூக்கி எறிஞ்சுட்டு, "இவங்க ஏன் நம்ம மெயிலுக்கு இப்படி வெட்டுன்னு பதில் போடுறாங்க"ன்னு யோசிச்சு என்ன புண்ணியம்?

அடுத்தது பேரு. என்னைப் பொறுத்தவரைக்கும் இதுதான் முக்கியமான விஷயம்.

ஜெர்மனியிலயே ரொம்பப் பரவலான குடும்பப் பேரு ம்யூல்லர். யூ மேல புள்ளி உண்டு. அதாவது நாட்டுல முதலிடத்துல இருக்கிற பேரையே ஆங்கிலக் கீபோர்டுல நேரா தட்ட முடியாது. நாம "முல்லர்"னு மொட்டையா அடிச்சிட்டுப் போயிடறோம்.

என் பேருல ஒரு 'ழ' இருக்கு. பாஸ்போர்ட்டுல அது வழக்கம்போல இசட்டும் எச்சும் சேர்ந்து நிக்குது. இங்க வந்து சேர்ந்த முதல் வாரம், டீம்ல இருந்த ஒரு பெரியவர் என் சீட்டுக்கு வந்து "இந்த இரண்டு எழுத்தும் சேர்ந்தா உங்க ஊருல என்ன சத்தம்?"னு கேட்டார். நாக்கை மடிச்சுக் காட்டினேன். மனுஷன் விடலை. காபி மெஷின் பக்கத்துல பார்க்கிறப்ப எல்லாம் ஒரு தடவை சொல்லிக் காட்டுவார். ஒரு பத்து நாள்ல ஓரளவு வந்துடுச்சு. நம்ம ஊர்லயே 'வாளப்பளம்' சாப்பிடறவங்க இருக்கிறப்ப, ஐம்பது வயசு தாண்டின ஒரு ஜெர்மன்காரர் என் பேருக்காக நாக்கை மடக்கிக்கிட்டு நிக்கிறார். அவர் பேருல ஒரு ஓ உம்லவுட். அவருக்கு மெயில் அடிக்கிறப்ப அந்த இரண்டு புள்ளியை வைக்க எனக்குச் சோம்பலா இருந்தா, நான் என்ன மனுஷன்?

இனிஷியலை அப்பா பேரா விரிச்சு, அதையே குடும்பப் பேரா ஆக்கி, கடைசியில நம்ம சொந்தப் பேரே ஃபாரத்துல எந்தக் கட்டத்துல இருக்குன்னு தேடுற இனம் நாம. பேரைத் தப்பா எழுதினா எப்படி எரிச்சல் வரும்னு நமக்கு நல்லாவே தெரியும். அந்த எரிச்சல் அவங்களுக்கும் உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்.

இந்த இடத்துல ஜெர்மன் வகுப்புக்குப் போனவங்க எழுந்திரிப்பீங்க. "புள்ளி வைக்க முடியலைன்னா பக்கத்துல ஒரு 'ஈ' சேர்த்துக்கலாமே, அவங்களே அப்படித்தானே எழுதுறாங்க?"

சரிதான். ஏ-ஈ, ஓ-ஈ, யூ-ஈ, எஸ்ட்செட்டுக்கு இரட்டை எஸ். இது அங்கீகாரம் உள்ள மாற்று வழி. காரணமும் இருக்கு. பழைய காலத்துல எழுத்து மேல குட்டியா ஒரு 'ஈ' எழுத்தைத்தான் எழுதிக்கிட்டு இருந்தாங்க. பழைய ஜெர்மன் கையெழுத்துல அந்த 'ஈ' இரண்டு சின்னக் கோடு மாதிரி இருக்கும். அந்தக் கோடு தேய்ஞ்சு தேய்ஞ்சு புள்ளி ஆச்சு. அதனால 'ஈ' சேர்க்கிறது புள்ளியோட பாட்டனைக் கூட்டிட்டு வந்து நிறுத்துற மாதிரி. மொட்டை அடிக்கிறதுக்கு இது ஆயிரம் மடங்கு தேவலை. பாஸ்போர்ட்டுக்கு அடியில மெஷின் படிக்கிற இரண்டு வரி இருக்கே, அதுலயும் ம்யூல்லர் யூ-ஈ போட்டுத்தான் இருப்பார். நீங்க அவருக்கு ஃப்ளைட் டிக்கெட் போடுறப்ப வெறும் யூ மட்டும் அடிச்சீங்கன்னா, பாஸ்போர்ட்டுல புள்ளியோட ஒரு பேரு, கீழ ஈயோட ஒரு பேரு, டிக்கெட்டுல இரண்டும் இல்லாம மூணாவதா ஒரு பேரு. கவுண்டர்ல நின்னு விளக்கம் சொல்லப் போறது நீங்க இல்லை, அவர்.

ஆனா இந்த மாற்று வழிக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கு. போற வழி இருக்கு, திரும்பி வர்ற வழி இல்லை.

சென்னையில நுங்கம்பாக்கத்துல இருக்கிற ஜெர்மன் பண்பாட்டு மையத்தைப் பார்த்திருப்பீங்க. அதுக்கு இரண்டு பேரு: கோதே இன்ஸ்டிட்யூட், மாக்ஸ் முல்லர் பவன். ஆங்கில எழுத்துல எழுதியிருக்கிறதைக் கவனிங்க. கோதேல ஓ-வும் ஈ-யும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். முல்லர்ல யூ-வும் ஈ-யும் இருக்கும். இரண்டும் ஒரே கதைன்னு தோணும், இல்லையா? இல்லவே இல்லை. கவிஞர் கோதேக்கு அதுதான் நிஜமான எழுத்து, அவர் பேரைப் புள்ளி வச்சு எழுதுறதில்லை. ரிக்வேதத்தைப் பதிப்பிச்ச மாக்ஸ் முல்லருக்கோ நிஜத்துல யூ மேல புள்ளி, அந்த 'ஈ' புள்ளிக்குப் பதிலா வந்து உக்காந்தது. ஒரே கட்டடம், இரண்டு 'ஈ', ஒண்ணு சொந்தக்காரன், இன்னொண்ணு வாடகைக்கு வந்தவன். வெளியில இருந்து பார்க்கிறவனுக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?

கம்ப்யூட்டருக்குச் சுத்தமாத் தெரியாது. முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, ஒரே வாடிக்கையாளர் மூணு தடவை பதிவாகி இருக்கிறதைச் சேர்க்கிற வேலை எங்க டீமுக்கு வந்தது. புள்ளியோட ஒரு ம்யூல்லர், ஈயோட ஒரு ம்யூல்லர், மொட்டையா ஒரு முல்லர். மூணு பேருக்கும் தனித்தனியா கடிதம் போய்க்கிட்டு இருந்தது. யாரோ ஒரு புத்திசாலி அதுக்கு முன்னாடியே ஒரு ஸ்க்ரிப்ட் ஓட விட்டிருந்தார்: யூ-ஈ எங்க வந்தாலும் யூ உம்லவுட்டா மாத்து. விளைவு, 'பவுவர்'னு ஒரு பேரு, விவசாயின்னு அர்த்தம், அதுலயும் யூவும் ஈயும் இயல்பாவே பக்கத்துல வரும். அந்த பவுவர் ஐயாக்கள் எல்லாம் வாயில நுழையாத ஒரு பேரோட டேட்டாபேஸ்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க. 'புதிய'ங்கிறதுக்கு ஜெர்மன்ல 'நோய'ன்னு ஒரு வார்த்தை, அதுலயும் யூ-ஈ. வரிக்கு 'ஷ்டோயர்', அதுலயும் யூ-ஈ. ஊர்ப் பேருல இன்னும் வேடிக்கை. ஸோஸ்ட்னு ஒரு ஊரு, ஓ-வும் ஈ-யும் சேர்த்து எழுதி வெறும் நெடில் 'ஓ'வாப் படிப்பாங்க. அங்க புள்ளி வச்சா ஊரே காணாம போயிடும்.

புள்ளி வச்சு எழுதினதை எப்ப வேணும்னாலும் ஈ வச்சதா மாத்திக்கலாம். ஈ வச்சதைத் திரும்பப் புள்ளியா மாத்த ஆளு உக்காந்து பார்க்கணும். மொட்டையா எழுதினதுக்கு ஆளு பார்த்தாலும் போதாது, அந்த வாடிக்கையாளரையே கேக்கணும். சோம்பலுக்கு விலை இருக்கு. நாம கட்டுறதில்லை, அடுத்தவன் கட்டுறான்.

"அப்ப ஜெர்மன் கீபோர்டே வாங்கிட வேண்டியதுதானே?"

அங்கதான் நம்ம பொழப்பு இடிக்குது. ஜெர்மன் கீபோர்டுல ஆங்கிலக் கீபோர்டோட செமிகோலன் இருக்கிற இடத்துல ஓ உம்லவுட், மேற்கோள் குறி இருக்கிற இடத்துல ஏ உம்லவுட், சதுர அடைப்பு இருக்கிற இடத்துல யூ உம்லவுட். அப்ப அடைப்பெல்லாம் எங்க போச்சு? வலது பக்கம் ஆல்ட்ஜிஆர்னு ஒரு விசை இருக்கும், அதை அமுக்கிக்கிட்டு 7, 8, 9, 0 தட்டணும். நெளிவு அடைப்பு 7-லயும் 0-லயும், சதுர அடைப்பு 8-லயும் 9-லயும். மெயில் முகவரிக்கு வேணுங்கிற 'அட்' குறி ஆல்ட்ஜிஆரோட க்யூ. செமிகோலனுக்கு ஷிஃப்ட்டும் கமாவும். போதாக்குறைக்கு ஒய்யும் இசட்டும் இடம் மாறி உக்காந்திருக்கும். நாள் முழுக்க அடைப்புக்குறியும் செமிகோலனுமா வாழுற ஜென்மத்துக்கு இது ஒத்து வருமா? ஜெர்மன் புரோகிராமர்கள்லயே அமெரிக்கக் கீபோர்டு வாங்கி வச்சிருக்கிறவங்க இருக்காங்க.

அடைப்புக்குறிக்கும் உம்லவுட்டுக்கும் இருக்கிற இந்தப் பகை இன்னைக்கு நேத்து வந்ததில்லை. ஆஸ்கி குறியீட்டுல மொத்தமே 128 இடம்தான். 1970கள், 80கள்ல ஜெர்மன் எழுத்துக்கு இடம் வேணும்னு வந்தப்ப, டிஐஎன் 66003ங்கிற ஜெர்மன் தரத்துல சதுர அடைப்பு, நெளிவு அடைப்பு, பின்சாய்வுக் கோடு, நேர் கோடு இதுங்களோட இடத்தைப் பிடுங்கி உம்லவுட்டுக்குக் கொடுத்தாங்க. நெளிகோட்டு இடம் எஸ்ட்செட்டுக்கு. அதனால அந்த டெர்மினல்ல ஒரு சி நிரலைத் திறந்தா, ஒவ்வொரு ஃபங்ஷனும் ஏ உம்லவுட்ல ஆரம்பிச்சு யூ உம்லவுட்ல முடியும்! இந்த மாதிரி எழுத்துக்குறை உள்ள கணினிகளுக்காகவே 1989-ல வந்த சி தரத்துல, இரண்டு கேள்விக்குறியோட இன்னொரு குறி சேர்த்து அடைப்பை எழுதுற ட்ரைகிராஃப்னு ஒரு வழி வச்சாங்க. சி++ல இருந்து அதை 2017-லதான் எடுத்தாங்க.

எழுத்து இருக்கணும்னா குறி போகணும், குறி இருக்கணும்னா எழுத்து போகணும். அந்தக் கொடுமை யூனிகோடு வந்ததோட முடிஞ்சு போச்சு. டிஸ்கி, டாப், டாம்னு ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடா மாத்தி மாத்தி அவதிப்பட்ட நமக்கு, யூனிகோடு தமிழைத் திரையில முதல் தடவை பார்த்த சந்தோஷம் மறக்குமா? ஈ-கலப்பையையும் என்எச்எம் ரைட்டரையும் போட்டு ஆங்கிலக் கீபோர்டுலயே 247 எழுத்தையும் தட்டிப் பழகின கை இது. கணினிக்குள்ள இடப் பிரச்சனை தீர்ந்து போச்சு. மிச்சம் இருக்கிறது விரலோட பழக்கம் மட்டும்தான். நாலே நாலு எழுத்துக்கு "கீபோர்டுல இல்லையே"ன்னு நாம சொன்னா நம்பவே முடியலை.

வழி என்னன்னு பார்ப்போம். அனுபவத்துல எனக்குப் பட்டதை வரிசையா சொல்றேன்.

வேற எங்கிருந்தாவது காப்பி பண்ணி ஒட்டுறது: ஆபத்துக்குப் பாவமில்லை. தினசரி வாழ்க்கைக்கு ஆகாது.

ஆல்ட்டோட எண்: விண்டோஸ்ல ஆல்ட் அமுக்கிக்கிட்டு எண் பலகையில 0228 தட்டினா ஏ உம்லவுட், 0246 ஓ, 0252 யூ, 0223 எஸ்ட்செட். பெரிய எழுத்துக்கு 0196, 0214, 0220. மனப்பாடம் பண்ணி வச்சிருக்கிறவங்களைப் பார்த்தா மரியாதையா இருக்கு. ஆனா தனி எண் பலகை இல்லாத லேப்டாப்புல இது செல்லாது. ஒரு எழுத்துக்கு அஞ்சு தட்டல் வேற.

ஜெர்மன் லேஅவுட்டை ஏத்திக்கிட்டு மாத்தி மாத்தி அடிக்கிறது: ஜெர்மன்ல பக்கம் பக்கமா எழுதுறவங்களுக்குச் சரி. மெயிலுக்கு நடுவுல ஒரே ஒரு பேருக்காக மாத்திட்டு, திரும்ப மாத்த மறந்துட்டு, பாஸ்வேர்டு அடிக்கிறப்ப ஒய்யும் இசட்டும் குழம்பி, மூணாவது தடவை அக்கவுண்ட் பூட்டிக்கும். வேண்டாம்.

யுஎஸ் இன்டர்நேஷனல்: விண்டோஸ் கூடவே வர்ற லேஅவுட், தனியா எதுவும் இறக்க வேண்டாம். செட்டிங்ஸ்ல மொழிப் பகுதியில ஆங்கிலத்துக்குக் கீழ சேர்த்துக்கலாம். கீபோர்டு அப்படியே இருக்கும், ஒய் ஒய்தான், இசட் இசட்தான். வலது பக்க ஆல்ட் கூட க்யூ தட்டினா ஏ உம்லவுட், பி தட்டினா ஓ, ஒய் தட்டினா யூ, எஸ் தட்டினா எஸ்ட்செட். உம்லவுட்ல பெரிய எழுத்து வேணும்னா ஷிஃப்ட்டையும் சேர்த்துக்கணும். போனஸா, 5 தட்டினா யூரோ குறி.

இதுல ஒரு வில்லங்கம் உண்டு. மேற்கோள் குறி தட்டினா உடனே விழாது, அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும். அடுத்து ஏ, ஓ, யூ தட்டினா புள்ளியா மாறி அது தலையில ஏறிக்கும். வேற ஒண்ணும் இல்லை, பழைய தமிழ் டைப்ரைட்டர்ல புள்ளி தட்டினா உருளை நகராது, எழுத்து தட்டினாத்தான் நகரும், அதே தத்துவம். இதுக்கு டெட் கீன்னு பேரு. மெயிலுக்கு அழகு. நிரல் எழுதுறப்ப ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஒரு ஸ்பேஸ் தட்டிக்கிட்டு இருக்கிறது கொடுமை.

அதனால பொட்டி தட்டுறவங்களுக்கு என் ஓட்டு டெட் கீ குறுக்க வராத லேஅவுட்டுக்குத்தான். லினக்ஸ்ல ஆங்கில சர்வதேச லேஅவுட்லயே, அந்த டெட் கீ எல்லாத்தையும் ஆல்ட்ஜிஆருக்குள்ள ஒதுக்கி வச்ச ரகம் ஒண்ணு இருக்கு. மேற்கோள் மேற்கோளாவே விழும், உம்லவுட் வேணும்னா அதே க்யூ, பி, ஒய், எஸ். இன்னொண்ணு யூர்கீ. ஐரோப்பியப் புரோகிராமர்களை மனசுல வச்சே பண்ணினது. இதுல ஆல்ட்ஜிஆரோட ஏ தட்டினா ஏ உம்லவுட், ஓ-வுக்கு ஓ, யூ-வுக்கு யூ, எஸ்ஸுக்கு எஸ்ட்செட். மனப்பாடமே தேவையில்லை. லினக்ஸ்ல கூடவே வருது, விண்டோஸுக்கும் மேக்குக்கும் இறக்கிப் போட்டுக்கலாம்.

மேக்காரங்களுக்கு ஆரம்பத்துல இருந்தே வசதி. ஆப்ஷனோட யூ தட்டிட்டு எழுத்தைத் தட்டினா புள்ளி ஏறிடும், ஆப்ஷனோட எஸ் தட்டினா எஸ்ட்செட். போன்ல எழுத்து மேல விரலை வச்சு அமுக்கிப் பிடிச்சா தானே வரும், அதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

எதை எடுத்தாலும் ஒரு தடவை செட் பண்ண அஞ்சு நிமிஷம், விரல் பழக இரண்டு மூணு நாள். தமிழ்99 பழக எடுத்த நேரத்துல பத்துல ஒரு பங்கு கூட ஆகாது.

இப்ப எதிர்வாதம் பேசுறவங்களுக்கு வருவோம்.

"சுவிட்சர்லாந்துல எஸ்ட்செட்டே கிடையாதே, அவங்க ஜெர்மன் எழுதலையா?" எழுதுறாங்க. எல்லா இடத்துலயும் இரட்டை எஸ் போடுறது அங்க விதி. 'மாஸ'ன்னு நீட்டிச் சொன்னா அளவு, 'மஸ்ஸ'ன்னு குறுக்கிச் சொன்னா திரள், கூட்டம். ஜெர்மனியில ஒண்ணுக்கு எஸ்ட்செட், இன்னொண்ணுக்கு இரட்டை எஸ். "அளவாக் குடி"ங்கிறதும் "அண்டா கணக்குல குடி"ங்கிறதும் அதுல பிரிஞ்சு நிக்கும். சுவிஸ்ல இரண்டும் ஒரே எழுத்து, இடம் பார்த்துப் புரிஞ்சுக்கிறாங்க. ஆனா அவங்க விட்டது எஸ்ட்செட்டை மட்டும்தான். உம்லவுட்டை விடலை, சுவிஸ் கீபோர்டுல மூணுக்கும் தனி விசை இருக்கு. ஒரு சமூகமே கூடி வகுத்துக்கிட்ட விதியும், என் கைக்குச் சோம்பலா இருக்குங்கிறதும் ஒண்ணு ஆகாது.

"இடம் பார்த்துப் புரிஞ்சுக்க மாட்டாங்களா?" புரிஞ்சுக்குவாங்க. ஓலைச்சுவடியிலயும் அப்படித்தான் இருந்தது. குத்தினா ஓலை கிழியும்னு பல சுவடிகள்ல புள்ளியே வைக்கலை, படிக்கிறவன் இடம் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டான். அதைப் பிற்காலத்துல அச்சுக்குக் கொண்டு வர உ.வே.சா. மாதிரி ஆளுங்க எவ்வளவு பாடுபட வேண்டி இருந்ததுன்னு நமக்குத் தெரியும். அவங்களுக்காவது ஓலை கிழியும்னு ஒரு காரணம் இருந்தது. நம்ம ஸ்க்ரீன்ல எது கிழியப் போகுது?

"இப்பத்தான் மெஷினே எல்லாத்தையும் திருத்திடுதே?" வார்த்தை இல்லாத வார்த்தையா இருந்தா திருத்தும். 'முடியுமா', 'முடிஞ்சுதா' இரண்டும் சரியான வார்த்தையா இருக்கிறப்ப அது ஊகம்தான் பண்ணும். பேருக்கு ஊகம் கூடப் பண்ண முடியாது. ஈ சேர்த்து எழுதுறதையே குடும்பப் பேரா வச்சிருக்கிற ம்யூல்லர்களும் இருக்காங்க. அவங்களுக்குப் புள்ளி வச்சா அதுவும் தப்பு. யாருக்கு எதுன்னு அந்த ஆளோட மெயில் கையெழுத்தைப் பார்த்து அப்படியே எழுதுறதுதான் ஒரே வழி.

"எல்லாரும் இங்கிலீஷ்லதானே பேசிக்கிறோம்?" பேசிக்கலாம். பேரு இங்கிலீஷ் ஆகாது.

இந்தப் புள்ளி விஷயத்துல ஜெர்மன்காரங்க சும்மா இருந்ததே இல்லை. மோர்ஸ் தந்தி காலத்துலயே மூணு உம்லவுட்டுக்கும் தனித்தனி குறி வச்சுக்கிட்டாங்க. .டிஇ இணைய முகவரியில 2004-ல உம்லவுட்டை உள்ள கொண்டு வந்தாங்க, 2010-ல எஸ்ட்செட்டை. பெரிய எழுத்தே இல்லாம இருந்த எஸ்ட்செட்டுக்கு 2008-ல யூனிகோடுல பெரிய எழுத்துக்கு இடம் கிடைச்சு, 2017-ல ஜெர்மன் எழுத்து முறைக் குழு அதை அதிகாரபூர்வமா ஏத்துக்கிட்டது. ஒரு எழுத்தைக் காப்பாத்தணும்னா ஒவ்வொரு புதுக் கருவி வர்றப்பவும் இப்படி மறுபடி மறுபடி இடம் கேட்டு வாங்கணும். தமிழுக்காக அதைச் செஞ்சவங்களோட உழைப்புலதான் நீங்க இப்ப இதைப் படிச்சுக்கிட்டு இருக்கீங்க. அதே மரியாதையை இன்னொரு மொழிக்குக் கொடுக்கிறதுல நமக்கு என்ன குறைஞ்சுடப் போகுது?

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்னைக்கு ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி மேல சொன்னதுல ஒரு லேஅவுட்டைப் போடுங்க. போன்ல, மெயில்ல இருக்கிற காண்டாக்ட் லிஸ்ட்டைத் திறங்க. மொட்டையா நிக்கிற ஒரே ஒரு பேரைக் கண்டுபிடிச்சு, அவர் எப்படி எழுதுறாரோ அப்படி மாத்துங்க. நாளைக்கு அவருக்கு அனுப்புற முதல் மெயில்ல அந்தப் பேரு அப்படியே இருக்கட்டும். அவர் நன்றின்னு எல்லாம் எழுத மாட்டார், ஆனா கவனிப்பார்.

டிஸ்கி: ஃப்ரெஞ்சு, போலிஷ், துருக்கி எழுத்தெல்லாம் எங்கேன்னு சண்டைக்கு வராதீங்க. யுஎஸ் இன்டர்நேஷனல்லயே ஃப்ரெஞ்சு ஓரளவு அடங்கிடும். மத்ததுல எனக்கு நாக்கும் மடியலை, விரலும் மடியலை. தெரிஞ்சவங்க எழுதுங்க, படிக்கக் காத்திருக்கேன் :-)